பெரிய எழுத்துக்குத் தகுதியானவர்கள்

இதனால் கொழும்பு மாநகர எல்லைக்குள் மூச்சு விடும் சகலருக்கும் அறியத்தருவது: ஆங்கில மொழியில் பெரிய எழுத்துப் பெறும் உரிமை பிறப்பால் வருவதன்று, பணத்தால் வருவதன்று, பதவியால் வருவதன்று. அது வெள்ளவத்தை கிறாண்ட் வியூ இங்கிலிஷ் அக்கடமியின் இரண்டாம் மாடியில், திரு. கொன்ஸ்ரன்ரைன் அவர்களின் சிவப்புப் பேனையால் வழங்கப்படுவது. தகுதியில்லாதவரிடமிருந்து அதே பேனையால் பறிக்கப்படுவது. மேன்முறையீடு கிடையாது.

இந்த அறிவித்தலை எவரும் எந்தச் சுவரிலும் ஒட்டவில்லை. மாஸ்ரரின் முகத்தில் எந்நேரமும் ஒட்டியிருந்ததால் சுவருக்குத் தேவை வரவில்லை.

கிறாண்ட் வியூ என்ற பெயர் கேட்டு எவரும் ஏமாற வேண்டாம். யன்னலைத் திறந்தால் ஒரு புரியாணிக் கடையின் பின்பக்கம் தெரியும். கழுத்தை இடப்பக்கம் நன்றாக முறித்தால் இரண்டு கட்டடங்களுக்கு நடுவில் ஒரு முழம் கடல். அந்த ஒரு முழத்தை நம்பித்தான் பெயர் வைத்திருந்தார்கள். அங்கே பத்தொன்பது வருடங்களாகக் கொன்ஸ்ரன்ரைன் மாஸ்ரர் பிள்ளைகளுக்குப் பெயர்ச்சொற்களைப் பிரித்துக் காட்டினார். ஒரேயொருவருக்கு, ஒரேயோர் ஊருக்குச் சொந்தமான பெயர் பெரிய எழுத்தில் தொடங்கும். ஊரிலுள்ள எல்லாருக்கும் பொதுவான பெயர் சின்ன எழுத்தோடு அடங்கிப் போகும். ஆறு என்றால் சின்ன எழுத்து, களனி கங்கை என்றால் பெரிய எழுத்து. திங்களுக்கும் செவ்வாய்க்கும் உண்டு. மழைக்காலம் எவ்வளவு அடித்துப் பெய்தாலும் அதற்கு இல்லை.

தமிழில் அரசனும் அடுப்பும் ஒரே ‘அ’வில் தொடங்குவது அவருக்குப் பெரிய மனக்குறை. “யார் ஆள், யார் தூசி என்று ஒரு பார்வையிலே தெரிய வேணும். அதுதான் பாஷை” என்பார்.

வகுப்போடு நின்றிருந்தால் ஊர் பொறுத்திருக்கும். அவர் குடியிருந்த கொட்டாஞ்சேனையில் மாதா கோயில் திருவிழா மலருக்குப் பிழை பார்க்கக் கொடுத்தபோது, சபைத் தலைவர் சவுந்தரநாயகம் தம் வாழ்த்துரையில் ‘நான் தலைவர் என்ற முறையில்’ என்று ஆங்கிலத்தில் எழுதிப் பெருமையோடு பெரிய எழுத்துப் போட்டிருந்தார். மாஸ்ரர் அதைச் சின்னதாக்கினார். ஒரு பக்கத்தில் பதினொரு இடம். “பெயருக்கு முன்னால் ஒட்டி வந்தால் பெரிசு. தனியா வந்தால் நீங்களும் தலைவர், கோழிப் பண்ணைச் சங்கத்துக்காரரும் தலைவர்” என்று விளக்கமும் கொடுத்தார். சவுந்தரநாயகம் அன்றிலிருந்து பூசையில் அவருக்குச் சமாதானம் சொல்லும்போது கையை மட்டும் நீட்டிவிட்டு முகத்தைப் பீடத்துப் பக்கம் திருப்பிக்கொள்வார்.

இவ்வளவு கெடுபிடிக்காரருக்கு ஒரேயொரு சிநேகிதர் இருந்தார். பெயர் தில்லைநாதன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வெள்ளவத்தையில் நிலைத்தவர், இடப்பக்கத்து வகுப்பறையில் அதே ஆங்கிலத்தைச் சத்தமில்லாமல் படிப்பித்தவர். மாஸ்ரரின் சட்டங்களைக் கேட்டுச் சிரிக்க உரிமை பெற்ற ஒரே மனிதர்.

“ஏன் காணும், ஒற்றைக் கடவுள் எண்டால் பெரிய எழுத்து, கனபேர் எண்டால் சின்ன எழுத்தோ? எங்கட ஆக்கள் எல்லாரும் கூட்டமா நிக்கிறபடியால் ஒருத்தருக்கும் இல்லையோ?” என்று கேட்பார் தில்லைநாதன்.

“பேர் சொல்லிக் கூப்பிடும், குடுக்கிறன். முருகனுக்கு உண்டு. பிள்ளையாருக்கு உண்டு.”

“நல்லகாலம். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகேக்கை சொல்லி விடுறன்.”

மாஸ்ரரின் பெருமையெல்லாம் ஒரு புத்தகத்தில் இருந்தது. ‘பெரிய எழுத்து: நாற்பத்தொரு விதிகள்’. மாணவர்களுக்காக வருடாவருடம் மார்கழியில் மறுபதிப்பு. அச்சுக்குப் போகுமுன் இருவரும் மேசைக்கு இருபக்கமும் இருந்து பார்ப்பார்கள். மாஸ்ரர் வாசிப்பார். தில்லைநாதன் ஒவ்வொரு பெரிய எழுத்துக்கும் கீழே பென்சிலால் ஒரு மெல்லிய புள்ளி வைப்பார். புள்ளி வைத்த எழுத்து ஒவ்வொன்றும் தான் ஏன் பெரிசு என்று பதில் சொல்ல வேண்டும். சொன்னால் தப்பிக்கும், சொல்லாவிட்டால் சிறுக்கும். கடைசியில் தில்லைநாதன் ரப்பரால் புள்ளிகளை ஒன்றும் விடாமல் அழிப்பார். முறையைக் கண்டுபிடித்தவர் மாஸ்ரர். பொறுமை தில்லைநாதனுடையது. கொழும்பில் வேறெந்த மனிதப் பிறவியும் இப்படி ஒரு வேலை பார்த்ததாகத் தகவல் இல்லை.

இப்போது விஷயத்துக்கு வருவோம். அக்கடமி உரிமையாளர் மர்ஸூக் ஹாஜியார் கொட்டாஞ்சேனையில் ஒரு கிளை திறக்க ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். அதற்கு ஒரு பொறுப்பாளர் வேண்டும். கட்டடம் மாஸ்ரரின் வீட்டிலிருந்து ஐந்து நிமிட நடை. அவரோ அறுபத்திரண்டு வயதில், பழுதான முழங்காலோடு, காலி வீதி என்ற நெடுஞ்சாலை நெரிசலில் வெள்ளவத்தைக்குப் போக ஒன்றரை மணித்தியாலம், வர ஒன்றரை மணித்தியாலம் பஸ்ஸில் தொங்கிக்கொண்டிருந்தார். அதைவிடப் பெரிய காரணம், சவுந்தரநாயகம் தினமும் அந்தக் கட்டடத்தைக் கடந்துதான் நடக்கப் போவார். வாசலில் பெயர்ப்பலகை இருக்கும். அதில் மாஸ்ரரின் பெயருக்கு முன்னால் ஒட்டியபடி, சட்டப்படி, பெரிய எழுத்தில் ஒரு பதவி இருக்கும்.

மனைவி றேணுகா, அந்தப் பொறுப்பு அவருக்குக் கிடைத்துவிட்டது என்று செவ்வாய்க்கிழமை கோயிலில் நான்கு பேருக்குச் சொல்லிவிட்டார். நான்கு பேருக்குச் சொன்னால் கொட்டாஞ்சேனையில் அது அரசாங்க வர்த்தமானி அறிவித்தல்.

“இன்னும் சொல்லல்லயே அவங்க” என்றார் மாஸ்ரர்.

“வேற யாருக்குக் குடுப்பாங்க? உங்கள விட்டா அங்க பீ.ஏ. யாருக்கு இருக்கு?”

மாஸ்ரர் குனிந்து சப்பாத்தைத் துடைத்தார்.

சனிக்கிழமை காலை வகுப்புக்கு முன் மர்ஸூக் ஹாஜியார் அவரைத் தம் அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் வழக்கம்போல ஆங்கிலப் பத்திரிகை, வழக்கம்போல சூப்பர் மார்க்கற் விளம்பரப் பக்கத்தில் திறந்திருந்தது. மாஸ்ரர் சேர்ட் கொலரைச் சரி செய்தார். வாழ்க்கையில் சில நிமிடங்களுக்கு நெஞ்சை நிமிர்த்திப் போக வேண்டும்.

“கதவ சாத்திட்டு இரிங்க மாஸ்டர்.”

இருந்தார். ஹாஜியார் மேசை லாச்சியிலிருந்து ஒரு கடித உறையை எடுத்தார்.

“இது நேத்து போஸ்ட்ல வந்த. கையெழுத்து ஒண்டும் இல்ல, யாரோ பெட்டிசம் அடிச்சீக்கிறாங்க. கொஞ்சம் வாசிச்சு செல்லுங்க, எனத்த எழுதீக்கி எண்டு.”

“நீங்க வாசிக்கல்லயா ஹாஜியார்?”

ஹாஜியார் கதவைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“உங்களுக்கு மட்டும் செல்றன். பேச வந்தா நான் வெள்ளக்காரனோடயும் பேசுவன். எழுத்தக் கண்டாத்தான் தல சுத்தும். பதினொரு வயசில கடைக்குப் போன மனிசன் நான். இங்கிலிஸ் அக்கடமி வெச்சீக்கிற ஆளுக்கு இங்கிலிஸ் வாசிக்கத் தெரியா எண்டா ஊர் சிரிக்கும் மாஸ்டர். நம்பிச் செல்றன்.”

இந்த இடத்தில் நம் சமூகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பெட்டிசம், அதாவது ஆளை விழுத்தும் புகார்க் கடிதம், ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். தமிழில் எழுதினால் அது வெறும் முறைப்பாடு, சிங்களத்தில் எழுதினால் பொலிஸுக்குப் போக வேண்டியது. ஒரு மனிதனை ஒழுங்காக விழுத்த வேண்டுமென்றால் வெள்ளைக்காரன் விட்டுப்போன பாஷைதான் தோது என்று நம் பெரியவர்கள் முடிவு செய்துவிட்டார்கள். வாங்குகிறவருக்கு வாசிக்கத் தெரியுமா என்று எவரும் யோசிப்பதில்லை. அதனால்தான் அந்தக் கடிதம், அது யாருக்கு எதிராக எழுதப்பட்டதோ அவருடைய கையிலேயே, வாசித்துச் சொல்வதற்காக வந்து சேர்ந்தது.

அச்சடித்த ஒரு பக்கம். கீழே ‘ஒரு பெற்றோர்’ என்று மட்டும். மாஸ்ரர் கண்ணாடியை மாட்டினார்.

கொட்டாஞ்சேனைக் கிளைக்குக் கொன்ஸ்ரன்ரைனைப் பொறுப்பாளராக்க வேண்டாம் என்று முதல் வரி சொன்னது. ரபீக்கா என்ற தாய் சேர்க்கைப் படிவத்தில் தொழில் என்ற இடத்தில் ‘தையல்காரி’ என்பதைப் பெரிய எழுத்தில் தொடங்கியதற்காக, அவர் அந்தப் படிவத்தை எல்லார் முன்னிலையிலும் சிவப்பால் வட்டமிட்டுத் திருப்பிக் கொடுத்து அழ வைத்தார் என்று இரண்டாம் பந்தி சொன்னது. உண்மைதான். அவள் அழுததை மட்டும் அவர் கவனிக்கவில்லை. மூன்றாம் பந்தி இப்படி இருந்தது: தம் பெயருக்குப் பின்னால் அவர் போடும் பீ.ஏ. பட்டம் அவருக்குக் கிடையாது. லண்டன் பல்கலைக்கழக வெளிவாரிப் பரீட்சையை இரண்டு தடவை எழுதினார், இரண்டு தடவையும் சித்தியடையவில்லை. சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள்.

குளிரூட்டி உறுமியது. மாஸ்ரர் கடைசி வரியை மறுபடி வாசித்தார்.

“எனத்த மாஸ்டர், மொகம் மாறிட்டு?”

“கழிவறையைப் பற்றி” என்றார் மாஸ்ரர்.

தாம் சொல்லப் போவது அவருக்கே முன்கூட்டித் தெரியாது.

“டொய்லட்டா?”

“இரண்டாம் மாடியில. குழாய் ஒழுகுதாம். பொம்பிளைப் பிள்ளைகளுக்குக் கஷ்டமாம்.”

“இம்பட்டுமா?” ஹாஜியார் பக்கத்தின் நீளத்தை விரலால் அளந்தார்.

“விளக்கமா எழுதியிருக்காங்க.”

“யா அல்லாஹ். குழாய்க்குப் பெட்டிசம் அடிக்கிற காலம்.” ஹாஜியார் தலையைச் சொறிந்தார். “சரி. கொட்டாஞ்சேன விசயம் அடுத்த கிழம செல்றன், என்ன? இங்கிலிஸ் எப்பிடி, பிழ ஈக்கா?”

“பிழை இல்லை” என்றார் மாஸ்ரர். சொன்ன பிறகுதான் உள்ளுக்குள் ஏதோ இடறியது. கடிதத்தைத் தாமே கிழித்துப் போடுவதாகச் சொல்லிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

அன்று வகுப்பில் பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சி கொடுத்துவிட்டு யன்னலோரம் நின்றார். பீ.ஏ. கதை யாருக்குத் தெரியும்? றேணுகாவுக்குத் தெரியாது. கல்யாணம் பேசும்போதே அந்த இரண்டு எழுத்தும் கூடவே வந்துவிட்டன. உண்மையில் அவர் பொய் சொன்னதும் இல்லை. முப்பது வருடத்துக்கு முன், வேறொரு ரியூட்டரியில், பெயர்ப்பலகை எழுதியவன் தன் பாட்டுக்கு பீ.ஏ. என்று சேர்த்துவிட்டான். படிப்பிக்கிறவர்கள் எல்லாருக்கும் அது இருக்கும் என்று அவன் நினைப்பு. ஊரிலுள்ள ஒவ்வொரு பலகையையும் திருத்திய மாஸ்ரர், திருத்தாமல் விட்ட ஒரே பலகை அது.

இதை அவர் ஒரேயொரு ஆளிடம்தான் சொல்லியிருந்தார். பதினாறு வருடத்துக்கு முன், தண்டவாளத்துக்கு அப்பால் கடற்கரைக் கல்லின்மேல் இருந்து கச்சான் கடலை கொறித்தபடி. மனம் ஏதோ பாரமாகிச் சொன்னார். “விடும் காணும். இது உமக்கும் எனக்கும் இந்தக் கடலுக்கும்தான் தெரியும்” என்று தோளில் தட்டினார் தில்லைநாதன்.

இல்லை, அவராக இருக்காது. மாஸ்ரர் வேறு ஆட்களைத் தேடினார். சவுந்தரநாயகம்? அவருக்கு ஒரு வரி ஆங்கிலத்தைப் பிழையில்லாமல் எழுத வராது. பரீட்சை எழுதிய காலத்தில் பக்கத்து மேசையில் இருந்த யாராவது? அவர்களில் பாதிப் பேர் கனடாவில், மீதிப் பேர் கனத்தை மயானத்தில். சேர்க்கைப் படிவத்தோடு அழுத அந்தத் தாய்? பாவம், அவளுக்குப் பட்டத்தைப் பற்றி என்ன தெரியும்? ஒரு சிநேகிதரைக் காப்பாற்ற மாஸ்ரர் அன்று கொழும்பு முழுவதையும் சந்தேகப்பட்டார். அப்படியும் ஆள் அகப்படவில்லை.

கடைசியில் கடிதத்தை எடுத்து யன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

தாளில் புள்ளிகள் இருந்தன.

ஒவ்வொரு பெரிய எழுத்துக்கும் கீழே, மெல்லியதாக, பென்சிலால். சில இடத்தில் ரப்பர் தேய்த்த மங்கல், பல இடத்தில் அதுவும் இல்லை. தில்லைநாதனின் கண்ணில் ஒரு வருடமாக வெண்படலம் வளர்ந்து வருகிறது. தாம் வைத்த புள்ளி அவருக்கே சரியாகத் தெரிவதில்லை. கொழும்புக்குக் கீழே ஒன்று. கொட்டாஞ்சேனைக்குக் கீழே ஒன்று. கொன்ஸ்ரன்ரைனுக்குக் கீழே ஒன்று. பீ.ஏ. என்ற இடத்தில் இரண்டு புள்ளிகளும் தாளின் மறுபக்கம் தட்டுப்படும் அளவுக்கு அழுத்தி வைக்கப்பட்டிருந்தன.

மாஸ்ரர் கதிரையில் இருந்தார். கோபம் வரும் என்று பார்த்தார், வரவில்லை. பதினேழு மார்கழிகள் மேசைக்கு அந்தப் பக்கம் குனிந்திருந்த ஒரு நரைத்த தலைதான் திரும்பத் திரும்ப வந்தது. காட்டிக் கொடுக்கும் கடிதத்தைக்கூட ஒழுங்காகப் பிழை பார்த்து அனுப்பியிருக்கிறான் மனிசன். அந்த ஒழுங்குதான் தாங்க முடியாமல் இருந்தது. கண்டபடி, பிழையோடு, வயிற்றெரிச்சலில் கிறுக்கியிருந்தால் ஆத்திரத்தில் எழுதியது என்று மன்னித்துவிடலாம். இது இருந்து, யோசித்து, ஒவ்வொரு எழுத்தையும் கேள்வி கேட்டு எழுதியது.

மத்தியானம் வகுப்பு முடிந்ததும் இருவரும் வழமைபோல மூலைத் தேநீர்க் கடைக்குப் போனார்கள். வழமைபோல இரண்டு பிளேன்ரீ வந்தது. மாஸ்ரர் பையிலிருந்து ஒரு ரப்பரை எடுத்து மேசையில் வைத்தார். பக்கத்தில் கடிதத்தை விரித்தார்.

“அழிக்க மறந்திட்டீர்.”

தில்லைநாதன் கடிதத்தைப் பார்க்கவில்லை. ரப்பரைத்தான் பார்த்தார்.

“அழிச்சனான்” என்றார். “கண் சரியில்லை.”

மறுப்பார், எழுதவேயில்லை என்று சத்தியம் செய்வார், தாமும் நம்பிவிடலாம் என்று மாஸ்ரர் ஒரு ஓரத்தில் ஆசைப்பட்டிருந்தார். அதுவும் போயிற்று.

“கடல் எழுதியிராது எண்டு எனக்குத் தெரியும்” என்றார் மாஸ்ரர். “அந்தப் பொம்பிளையைப் பற்றி எழுதினது சரி. அதை என்ர முகத்துக்கே சொல்லியிருக்கலாம். அண்டைக்குக் கல்லில இருந்து நான் சொன்னதை ஏன் மச்சான் எழுதினீர்? அந்த வேலை உமக்கு வேணுமெண்டா கேட்டிருக்கலாமே. நான் விட்டுத் தந்திருப்பனே.”

“தந்திருப்பீரோ?”

மாஸ்ரர் பிளேன்ரீயை வாயில் வைத்தார். சுட்டது.

தில்லைநாதன் தம் துணிப்பையைத் திறந்தார். ‘நாற்பத்தொரு விதிகள்’ அதற்குள் இருந்தது. அட்டையைப் புரட்டி உள்பக்கத்தை முன்னால் தள்ளினார். மேலே பெரிய எழுத்துகளில் கொன்ஸ்ரன்ரைன், பீ.ஏ. கீழே, நுளம்பளவு பொடி எழுத்தில், அடைப்புக்குறிக்குள், ஒரு துண்டு வரி: பிழை பார்க்க உதவியவர் ஒரு சக ஆசிரியர்.

“பதினேழு பதிப்பு. ஒவ்வொரு மார்கழியும் இதுக்கு மேலாலை நான் புள்ளி வைச்சுக்கொண்டு வந்தனான். இந்த வரிக்கு மட்டும் ஒரு புள்ளியும் தேவைப்படேல்லை. ஏனெண்டால் இதிலை பெரிய எழுத்தே இல்லை.”

“அது... அப்பிடித்தானே எழுதுறது. சக ஆசிரியர் எண்டது பொதுப் பெயர்.”

“ஓம். நீர் அண்டைக்கும் அப்பிடித்தான் விளங்கப்படுத்தினீர். எனக்கு ஒரு சொந்தப் பெயரும் இருக்கெண்டு உமக்கு ஞாபகம் வரேல்லை.” தில்லைநாதன் குரலை உயர்த்தவில்லை, அந்த மனிதருக்கு அது வராது. “இல்லாத பீ.ஏ.க்கு ரெண்டு பெரிய எழுத்து. இருக்கிற எனக்கு ஒண்டும் இல்லை. நல்ல சட்டம்.”

“கேட்டிருக்கலாமே!”

“உம்மட பேரைப் போடச் சொல்லி நீர் ஆரையேன் கேட்டனீரோ?”

கடைக்காரன் வந்து, ‘மாஸ்டர், வென மொனவத்?’ என்று சிங்களத்தில் கேட்டான். வேறொன்றும் வேண்டாம் என்று இருவரும் ஒரே நேரத்தில் தலையாட்டினார்கள். பத்தொன்பது வருடப் பழக்கம் லேசில் விடாது.

“ஹாஜியார் என்ன சொன்னவர்?” என்று தில்லைநாதன் கேட்டார்.

“அவர் அதை வாசிக்கல்ல.” ஹாஜியாரின் ரகசியம் நாக்கு நுனி வரை வந்தது. இவரிடம் ஒரு ரகசியம் சொன்ன பலன் மேசையில் விரிந்து கிடந்தது. மாஸ்ரர் அதை விழுங்கிவிட்டார். “என்னை வாசிச்சுச் சொல்லச் சொன்னார். குழாய் ஒழுகுது எண்டு சொன்னேன்.”

“என்ன குழாய்?”

“கக்கூஸ் குழாய்.”

தில்லைநாதனின் வாயோரம் துடித்தது. வேறொரு நாளாக இருந்தால் இருவரும் மேசையில் அடித்துச் சிரித்திருப்பார்கள். மாஸ்ரரும் ஒரு கணம் காத்திருந்தார், அந்தச் சிரிப்பு வந்தால் மீதி எல்லாவற்றையும் எப்படியாவது சரிக்கட்டலாம் என்று. வரவில்லை.

“அப்ப உங்களுக்கு அந்த வேலை கிடைக்கும்” என்றார் தில்லைநாதன் எழுந்தபடி.

நீர் போய் நீங்கள் ஆகியிருந்தது. மரியாதை கூடிய அந்த ஒரு சொல், மூன்று பந்திகளையும் விட ஆழமாய் இறங்கியது. தில்லைநாதன் புத்தகத்தைப் பைக்குள் வைத்தார், ரப்பரை மாஸ்ரரின் பக்கம் தள்ளிவிட்டுக் காலி வீதிப் பக்கம் நடந்தார். மாஸ்ரர் கடிதத்தில் மீதமிருந்த புள்ளிகளை ஒவ்வொன்றாக அழித்தார். பீ.ஏ.யின் கீழிருந்த இரண்டும் அழிந்தன. குழி மட்டும் போகவில்லை.

மறு கிழமை செவ்வாய்க்கிழமை, கோயிலுக்குப் போன றேணுகா வழியிலேயே புதிய கிளையின் பெயர்ப்பலகையைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். செருப்பைக் கழற்றாமலே, “பலகையப் போய்ப் பாருங்க” என்றார். மாஸ்ரர் சேர்ட்டை மாட்டிக்கொண்டு தாமே போய்ப் பார்த்தார். கிளைப் பொறுப்பாளர் அஸாம். ஹாஜியாரின் மூத்த மருமகன், மெல்பேர்னில் படித்துவிட்டு வந்தவர். பெட்டிசம் வருவதற்கு மூன்று மாதத்துக்கு முன்பே, குடும்பத்துக்குள், பகல் சாப்பாட்டோடு சாப்பாடாகப் பேசி முடித்த விஷயம். ‘அடுத்த கிழம செல்றன்’ என்று ஹாஜியார் சொன்னது இதைத்தான். எப்படிச் சொல்வது என்று தெரியாமல் இழுத்திருக்கிறார்.

பலகையில் கீழே ஆசிரியர்களின் பெயர்கள். இரண்டு கிளையிலும் படிப்பிக்கும் எல்லாரும். கொன்ஸ்ரன்ரைன், அடுத்த வரியில் தில்லைநாதன். பதினேழு பதிப்பில் நடக்காதது மருமகனின் பலகையில் நடந்துவிட்டது. இப்போதைய நாகரிகம் இதுதான் என்று மருமகன் முடிவு செய்திருந்தபடியால், அக்கடமியின் பெயர், ஊரின் பெயர், ஆட்களின் பெயர், பீ.ஏ. எல்லாமே சின்ன எழுத்தில் இருந்தன. முழுப் பலகையிலும் ஒரு பெரிய எழுத்து இல்லை.

சவுந்தரநாயகம் நடந்து வந்தார், நின்றார், பலகையை மேலிருந்து கீழாக வாசித்தார். வருடக்கணக்குக்குப் பிறகு முதல் தடவையாக மாஸ்ரரின் முகத்தைப் பார்த்து, “நல்லா இருக்கு” என்றார்.

அதே கிழமை வெள்ளவத்தையில் இரண்டாம் மாடிக் கழிவறையின் குழாயை மாற்றினார்கள்.